ஓடுகிற பெண்ணைக் கதையில் எழுதுவது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சித்தூர் தாலுகா என்றால் சிலர் ஆந்திரத்துச் சித்தூர் என்று நினைப்பார்கள். இது பாலக்காட்டுச் சித்தூர். சப்-ஜில்லா மீட்டுக்கு, அதாவது உபமாவட்டப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு, பெண் பிள்ளைகளோடு துணைக்குப் போகிற டீச்சர் பெரும்பாலும் நான்தான். சிறுகதையும் எழுதுகிறேன் என்பதால், விளையாட்டை வைத்துக் கதை எழுதுகிறவர்கள் என்னிடம் வாசிக்கத் தருவார்கள்.

பத்தில் எட்டுக் கதைகள் ஒரே மாதிரி வருகின்றன. ஏழைப் பெண். திட்டுகிற அப்பா. நம்பிக்கை வைக்கிற கோச். கடைசிப் பக்கத்தில் தங்கப் பதக்கம், அப்பாவின் கண்ணில் தண்ணீர். இதில் அந்தப் பெண் என்னதான் செய்தாள் என்று தேடினால், ஓடினாள் என்பதைத் தவிர ஒன்றும் கிடைக்காது. கோச் தீர்மானிக்கிறார், அப்பா தீர்மானிக்கிறார், கடவுளும் கொஞ்சம் தீர்மானிக்கிறார். அவள் எதையும் தீர்மானிப்பதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது, ஏனென்றால் மைதானத்தில் நான் பார்க்கிற பெண்கள் நிமிடத்துக்கு நாலு முடிவு எடுக்கிறார்கள். அந்த முடிவுகளை எழுதத் தெரிந்துவிட்டால் கதை தானே நிற்கும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்.

முதலில் ஒரு ஐட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

‘விளையாட்டு வீராங்கனை’ என்று ஒருத்தி கிடையாது. எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள் இருக்கிறாள், நீளம் தாண்டுகிறவள் இருக்கிறாள், கபடியில் ரெய்டு போகிறவள் இருக்கிறாள். எங்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் முதலில் கேட்பதே “உனக்கு எந்த ஐட்டம்?” என்றுதான். நீங்களும் அதையே கேட்டுத் தொடங்குங்கள்.

ஐட்டம் மாறினால் கதையின் வடிவமே மாறும். நீளம் தாண்டுதலில் மூன்று வாய்ப்பு, முதல் எட்டுப் பேருக்குள் வந்தால் இன்னும் மூன்று. இடையில் உட்கார்ந்து யோசிக்க நேரம் நிறைய. பயத்தையும் பொறாமையையும் எழுத இதைவிட நல்ல இடம் இல்லை. கபடியில் ஒரு ரெய்டுக்கு முப்பது விநாடி. ஏழு பேர் எதிரே. மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டே யாரைத் தொடுவது, எப்போது திரும்புவது என்று பார்க்க வேண்டும். நூறு மீட்டர் பார்க்க அழகாக இருக்கும், எழுதுவது கஷ்டம். பதின்மூன்று விநாடியில் முடிந்துவிடும்.

புதிதாக எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது எண்ணூறு மீட்டர். சில நிமிடங்கள்தான், ஆனால் உள்ளே ஒரு முழுக் கதை நடக்கும். கீழே உதாரணத்துக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். பெயர் ரேவதி, வயது பதினைந்து, ஊர் எருத்தேம்பதிப் பக்கம்.

வயதுப் பிரிவு விஷயத்தில் கவனம் வேண்டும். சப்-ஜூனியர், ஜூனியர், சீனியர் என்று பிரிவுக்குப் பிரிவு ஐட்டங்கள் வேறு. பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பள்ளி மீட்டில் 3000 மீட்டர் ஓடவிட்டு ஒருவர் எழுதியிருந்தார். முதல் பக்கத்திலேயே நம்பிக்கை போய்விட்டது.

போய் உட்காருங்கள்

ஒரு வாரம் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போங்கள். பள்ளியில் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். எல்லாரும் சின்னப் பிள்ளைகள். போட்டோ வேண்டாம். நோட்டில் உண்மைப் பெயர் எழுத வேண்டாம்.

ஓட்டத்தைப் பார்ப்பதைவிட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நடப்பதைப் பாருங்கள். சுண்ணாம்புப் பொடி போட்டுக் கோடு இழுப்பது யார், தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வருவது யார். உடை மாற்ற எங்கே போகிறார்கள், கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா. ஒரே ஜோடி ஸ்பைக்ஸை (ஆணி வைத்த ஷூ) எத்தனை பேர் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். பெரிய சைஸ் ஷூவில் முன்னால் துணி அடைத்துக்கொண்டு ஓடிய ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அவளைப் பற்றி எழுத எனக்கு வேறு எந்தத் தகவலும் தேவைப்படவில்லை.

ஓட்டத்துக்குள்ளே என்ன தீர்மானிக்கிறாள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். விளையாட்டின் கணக்கு தெரியாவிட்டால் அவளுடைய மனம் உங்களுக்குப் பிடிபடாது.

பெரிய ட்ராக்கில் எண்ணூறு என்பது இரண்டு சுற்று. முதல் வளைவு முடியும்வரை அவரவர் லேனில் ஓட வேண்டும். அதற்குப் பிறகு எல்லாரும் உள்கோட்டுக்கு வரலாம். உள்கோட்டுக்கு வருவது ஏன்? ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். ஒரு லேன் தள்ளி ஒரு வளைவை முழுதாகச் சுற்றினால் ஏறத்தாழ நாலு மீட்டர் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். பள்ளி மீட்டில் வெற்றிக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவே நாலு மீட்டர்கூட இருக்காது. அதனால் வளைவில் முந்தப் பார்க்கிறவள் விலை கொடுக்கிறாள். உள்ளே பத்திரமாக ஓடுகிறவளோ முன்னும் பக்கவாட்டிலும் ஆள் அடைத்துக்கொண்டால் வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்வாள். இரண்டில் எது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது.

பள்ளி மைதானத்தில் கதை வேறு. இருநூறு மீட்டர் மண் ட்ராக், நாலு சுற்று. லேன் கிடையாது, எல்லாரும் ஒரே கோட்டில் நின்று புறப்படுவார்கள். முதல் வளைவில் முழங்கை இடிக்கும், செருப்பில்லாத கால் மிதிபடும். அந்த முதல் இருபது மீட்டரில் ஒதுங்கிப்போகிறவளா, இடித்துக்கொண்டு போகிறவளா? உங்கள் நாயகியின் குணத்தை ஒரு வரியில் காட்ட இந்த இடம் போதும்.

அப்புறம் காற்று. நாம் இருப்பது பாலக்காட்டுக் கணவாயில். மலைத்தொடர் முப்பது கிலோமீட்டருக்கு மேல் விலகி நிற்கும் வாசல் இது. ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று அம்மியை நகர்த்துகிறதோ இல்லையோ, பதினைந்து வயதுப் பெண்ணை நகர்த்தும். மார்கழிப் பக்கம் அதே காற்று கிழக்கிலிருந்து வரும். மைதானம் கிழக்கு மேற்காக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் எதிர்க்காற்று, மறுபக்கம் முதுகுக்காற்று. எதிர்க்காற்றில் முன்னால் ஓடுகிறவள் பின்னால் வருகிறவளுக்கும் சேர்த்து உழைக்கிறாள். எங்கள் பிள்ளைகளுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். “அவ முதுகுலயே இருந்தேன் டீச்சர்” என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் தந்திரமும் இருக்கிறது, கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் இருக்கிறது. அதை விடாதீர்கள்.

மண்ணும் அப்படித்தான். கேரளத்தில் கரிசல் மண் பார்க்க வேண்டுமென்றால் சித்தூர் தாலுகாவுக்குத்தான் வர வேண்டும். வெயிலில் வெடிக்கும், மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும். மழை விட்டு நாலு நாள் ஆனாலும் ஓட முடியாமல் ரோட்டோரம் பயிற்சி எடுப்பார்கள். இதில் பழகிய பெண் மாவட்டப் போட்டியில் முதன்முதலாக சிந்தெடிக் ட்ராக்கில் கால் வைக்கும்போது தரை அவளைத் திருப்பித் தூக்கிவிடும். முதல் சுற்றைத் தன்னை அறியாமல் வேகமாக ஓடிவிட்டு, இரண்டாம் சுற்றில் கால் கனத்து நிற்பாள். மறுநாள் கெண்டைக்கால் வலியில் படி இறங்க முடியாது.

டைமிங் நோட்டு ஒன்று வையுங்கள்

கதைக்கு வெளியே, உங்களுக்காக. தேதி, மைதானம், டைமிங், ஒரு வரிக் குறிப்பு. ரேவதி 2 நிமிடம் 50 விநாடியில் தொடங்கி, ஒரு வருடத்தில் 2:35-க்கு வந்தால் நான் நம்புவேன். மூன்று மாதத்தில் 2:10-க்கு வந்துவிட்டால் ஓடிப் பழகிய யாரும் நம்ப மாட்டார்கள். அளவுகோல் வேண்டுமென்றால்: கண்ணூர்ப் பெண் டிண்டு லூக்கா 2010-இல் 1:59.17-இல் ஓடினார். அதற்கு முன்பு ஷைனி வில்சனின் தேசிய சாதனை 1:59.85 பதினைந்து வருடம் அசையாமல் இருந்தது. இரண்டு நிமிடத்துக்குக் கீழே ஒரு விநாடிகூட இல்லாத இடைவெளிக்குப் பெரியவர்களுக்கே பதினைந்து வருடம் ஆகியிருக்கிறது. உங்கள் பெண்ணுக்கு அரை விநாடியை எளிதில் கொடுத்துவிடாதீர்கள்.

நாட்காட்டியும் வேண்டும். கேரளத்துப் பள்ளியில் படித்தால் பள்ளி மீட், சப்-ஜில்லா, ரெவின்யூ ஜில்லா, பிறகு மாநிலம். பத்தாம் வகுப்பென்றால் மார்ச்சில் பரீட்சை. விளையாட்டுக்குக் கூடுதலாகத் தரும் கிரேஸ் மார்க் கிடைக்குமா என்ற பேச்சு வீட்டில் வரும். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போனால் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று வேறு ஏணி. ரேவதியின் பெரியம்மா மகள் அந்தப் பக்கத்துப் பள்ளியில் படித்து, அதே எண்ணூறு ஓடினால்? ஒரே வீட்டுக் கல்யாணத்தில் ஒரே பாயில் தூங்கும் இருவர், தேசியப் போட்டியில் கேரள ஜெர்சியிலும் தமிழ்நாட்டு ஜெர்சியிலும் நிற்பார்கள். இதை இன்னும் யாரும் எனக்கு எழுதிக் காட்டவில்லை. எழுதுங்கள்.

உடம்பைப் பற்றி எழுதும் துணிச்சல்

பதின்மூன்று வயதில் ஊரில் எல்லாரையும் ஜெயிக்கிற பெண், பதினைந்தில் தோற்கத் தொடங்குவாள். சோம்பலும் காரணமில்லை, ‘கவனம் சிதறுவதும்’ காரணமில்லை. உடம்பு வளர்கிறது, இடுப்பு அகலமாகிறது, எடை கூடுகிறது, புது உடம்பை ஓட்டப் பழகக் காலம் பிடிக்கிறது. டைமிங் ஒரு வருடம், இரண்டு வருடம் அசையாமல் நிற்கும், சில சமயம் பின்னால்கூடப் போகும். பிறகு பலருக்குத் திரும்பி வரும். ஆனால் அந்த இரண்டு வருடத்தை யாரும் அவளிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. நேற்றுவரை பின்னால் வந்த ஒல்லிப் பெண் முந்திப் போகும்போது அவள் தன்னைத்தான் வெறுக்கிறாள். எத்தனை பேர் அந்த வருடத்தில் ஓட்டத்தை விட்டுப் போனார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

கதைக்கு இதைவிடப் பெரிய நெருக்கடி தேவையே இல்லை. குடிகார அப்பா வேண்டாம், விபத்து வேண்டாம். ரேவதிக்கு டைமிங் நின்றுவிட்டது. அவள் என்ன செய்கிறாள்? 1500-க்கு மாறுகிறாளா, நடைப் போட்டிக்குப் போகிறாளா, அப்படியே நின்று பார்க்கிறாளா? சாப்பாட்டைக் குறைக்கிறாளா? எடை குறைந்தால் வேகம் வரும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும் போகும். எலும்பு பலவீனப்பட்டுக் கணுக்கால் மேலே மயிரிழை முறிவு வரும். விலக்கு நின்றதைத் தொல்லை விட்டது என்று நினைத்துக்கொண்டு அம்மாவிடம் சொல்லாமல் இருப்பாள். இதை எழுதுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள். வாசிக்கிற ஒரு பெண்ணாவது போய்ச் சொல்லக்கூடும்.

விலக்கு நாளில் போட்டி வருவதையும் எழுதுங்கள், அதிர்ச்சிக்காக இல்லாமல் சாதாரணமாக. கறுப்பு ஷார்ட்ஸ் யாரிடம் இருக்கிறது என்ற கேட்பு, பேடு மாற்ற இடம் தேடுவது, மூன்று பேர் துப்பட்டா பிடித்து மறைத்து நிற்பது. இரும்புச் சத்து குறைந்து மூச்சு வாங்குகிற பெண்ணை ‘பயிற்சிக்குச் சோம்பேறித்தனம்’ என்று சொல்லிவிடும் பெரியவர்களும் உண்டு. நானே ஒரு பிள்ளையிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். பிறகு ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஒரு கண்டிப்பு: அவள் சிறுமி. உடம்பை அவள் உள்ளிருந்து உணர்வதுபோல எழுதுங்கள், வெளியே நின்று பார்க்கிறவர் கண்ணால் வேண்டாம். பாலியல் தொல்லையைக் கதைக்குள் கொண்டுவந்தால், 2012-ஆம் வருடத்துப் போக்சோ சட்டத்தைப் படித்துவிட்டு வாருங்கள். தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் அதில் குற்றம். ‘எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை’ என்று ஒரு வரியில் கடந்துவிட முடியாது. அந்த எல்லாரும் யார் யார் என்று எழுத வேண்டியிருக்கும்.

வீடு, கோச், போட்டிக்காரி

அப்பாவை வில்லனாக்குவது சுலபம். எங்கள் பக்கத்தில் பல அப்பாக்கள் தென்னை மரம் ஏறிக் கள் இறக்குகிறவர்கள். காலையும் மாலையும் மரம் ஏறுகிற மனிதருக்கு உடம்பை நம்பிப் பிழைப்பது என்ன என்று தெரியும்; கால் வழுக்கினால் என்ன ஆகும் என்றும் தெரியும். அவர் ‘வேண்டாம்’ என்றால் அந்தப் பயத்திலிருந்து சொல்லட்டும். வீடுகளில் பெரும்பாலும் நடப்பது கொள்கைச் சண்டை இல்லை. இருட்டினபிறகு யார் கூட்டிக்கொண்டு வருவது, பயிற்சி விட்டால் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு, காலையில் மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது. ரேவதி இதற்கெல்லாம் ஏற்பாடு செய்கிறாள், தம்பியிடம் பேரம் பேசுகிறாள், அம்மிச்சியை, அதாவது அம்மாவின் அம்மாவை, தன் பக்கம் இழுக்கிறாள். அதுவும் அவளுடைய ஆட்டம்தான்.

கோச்சைச் சின்னதாக வையுங்கள். நல்லவராக இருக்கட்டும், ஆனால் ஓட்டம் தொடங்கியபின் அவர் கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்.

போட்டிக்காரிக்கு ஒரு வீடு கொடுங்கள், ஒரு வலி கொடுங்கள், ரேவதியிடம் இல்லாத ஒரு திறமையும் கொடுங்கள். ஆதிரா என்று வைத்துக்கொள்வோம். ஹீட்ஸ் என்கிற தகுதிச் சுற்று முடிந்து மர நிழலில் ரேவதியின் கால் பிடிப்பை நீவிவிடுகிறவளும் அவளாக இருக்கலாம். பெண் பிள்ளைகள் மைதானத்தில் அப்படித்தான் இருக்கிறார்கள்.

பேச்சு

எல்லைப்புறத்துப் பிள்ளைக்கு மூன்று மொழி. வீட்டில் தமிழ், மைதானத்தில் மலையாளம், ஓட்டத்தின் சொற்கள் இங்கிலீஷ். ரேவதி பி.டி. சாரை “மாஷே” என்பாள், சீனியரை “சேச்சி” என்பாள், வீட்டுக்கு வந்ததும் “அம்மிச்சி, பசிக்குது” என்பாள். அம்மிச்சி அவளைக் “கண்ணு” என்றோ “அம்மிணி” என்றோதான் கூப்பிடுவார். லேப், லேன், ஹீட்ஸ், டைமிங், ஸ்பைக்ஸ் இவற்றையெல்லாம் அப்படியே எழுதுங்கள். ‘ஓடுதளம்’ என்று எந்தப் பிள்ளையும் சொல்லிக் கேட்டதில்லை. மாநிலப் போட்டிப் பட்டியலில் தன் பெயரை மலையாள எழுத்தில் தேடிப் படிக்கிற தமிழ் மீடியப் பெண்ணைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம்.

இப்போது ஓட்டத்தை எழுதலாம்

கடைசியில்தான் இதற்கு வர வேண்டும். வழக்கமாக வருவது இப்படி:

“ரேவதி சிறுத்தையாய்ப் பாய்ந்தாள். காற்றைக் கிழித்தாள். அப்பாவின் முகம் கண்ணில் வந்தது. வெறியோடு எல்லாரையும் முந்தினாள்.”

இதில் ஒரு முடிவுகூட இல்லை. அதே இடத்தை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

“கடைசிச் சுற்றின் மணி அடித்தது. ஆதிராவின் முதுகு ஒரு கை தூரத்தில். எதிர்க்காற்று இதுவரை ஆதிராவின் நெஞ்சில்தான் பட்டது. வளைவில் வெளியே வர வேண்டாம் என்று ரேவதி பொறுத்தாள். வளைவு முடிந்ததும் காற்று பின்னாலிருந்து தள்ளியது. இங்கே முந்துவது சுலபம். முந்தினால் கடைசி நேர்கோட்டில் எதிர்க்காற்று தன் நெஞ்சுக்கு வரும், ஆதிரா தன் முதுகில் ஒளிந்துகொள்வாள். ஆதிராவின் இடது தோள் லேசாக ஏறியிருந்தது. களைத்தால் அவளுக்கு அப்படித்தான் ஏறும். ரேவதி வலக்காலை அரை அடி வெளியே வைத்தாள்.”

அவள் செய்தது சரியா தப்பா என்று வாசகருக்கு இன்னும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஓட்டம் இன்னும் பாக்கி இருக்கிறது. வாக்கியங்கள் சின்னதாக இருக்கலாம், ஆனால் எல்லாமே சின்னதாக இருந்தால் மூச்சுத் திணறல் போலியாகத் தெரியும். நடுவே ஒன்று நீளட்டும்.

ஜெயிக்க வேண்டுமா? அவசியமில்லை. பி.டி. உஷா பதினாறு வயதில் மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42, மூன்றாவதாக வந்தவர் 55.41. எங்கள் ஸ்டாஃப் ரூமில் இன்றும் அந்த நூறில் ஒரு விநாடியைப் பேசுவோம். பாலக்காடு முண்டூர்ப் பெண் பி.யு. சித்ரா 2017-இல் புவனேஸ்வரத்தில் 1500 மீட்டரில் ஆசியத் தங்கம் வென்றார், ஆனால் அந்த வருடம் லண்டன் உலகப் போட்டிக்குப் போன அணியில் அவர் பெயர் இல்லை. ஓடி ஜெயித்தபின்பும் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. கதையை ஓட்டம் முடிந்த இடத்தில் முடிக்காமல், பட்டியல் ஒட்டும் சுவர் வரைக்கும் கொண்டுபோகலாம்.

எழுதி முடித்ததும் ஓடுகிற ஒரு பெண்ணுக்கு வாசித்துக் காட்டுங்கள். என் கதை ஒன்றை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு வாசித்தேன். ஃபைனலுக்கு முன் நாயகி கண்ணை மூடிக் கடவுளைக் கும்பிடுகிற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். “கும்பிடறது பஸ்லயே முடிஞ்சிரும் டீச்சர். அங்க நிக்கறப்ப ஷூ லேசு ரெண்டாவது முடிச்சு போட்டமான்னுதான் பார்ப்போம்.” கும்பிடுவதை அடித்துவிட்டு முடிச்சை எழுதிக்கொண்டேன்.